விசா வேண்டாதவருக்கும் முன் அனுமதி

இந்தியாவில் பிறந்து, பின்னர் அமெரிக்க அல்லது ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற்றவர்கள், விசாவோ முன் அனுமதியோ இன்றியே பிரிட்டனுக்குச் சென்றுவர முடிந்த நிலை 2025 ஜனவரி 8 முதல் மாறியிருக்கிறது. மின்னணுப் பயண அனுமதி, அதாவது புறப்படும் முன்பே பயணியின் விவரங்களைச் சரிபார்த்து வழங்கப்படும் இசைவு, அவர்களுக்கும் கட்டாயமாகியுள்ளது. கைக்குழந்தைக்கும் தனியே விண்ணப்பிக்க வேண்டும் என்பது குறிப்பாக நினைவில் வைக்கத்தக்கது. இரண்டாண்டுகள் வரை செல்லும் இவ்வனுமதி, கடவுச்சீட்டோடு பிணைக்கப்பட்டிருப்பதால், புதிய கடவுச்சீட்டு பெற்றவர் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டுடன் அங்கே சுற்றிப்பார்க்கச் செல்லும் பெற்றோருக்கோ இவ்வசதி பொருந்தாது. பிள்ளைகளுக்குக் கிடைத்ததே தமக்கும் போதுமென்று எண்ணிப் பயணச்சீட்டு வாங்கிவிடாமல், அவர்கள் வழக்கமான விசாவையே முன்கூட்டிப் பெற வேண்டும்.