கப்பல் விருந்துக்கு எந்த உடை?

“ஆள் பாதி, ஆடை பாதி” என்பது நம்மவர் பழமொழி. சொந்த ஊரில் வாழும்போது இதன் பாரம் நமக்குத் தெரிவதில்லை. கோயிலுக்கு வேட்டி சால்வை, கந்தோருக்குக் காற்சட்டை, மரணவீட்டுக்கு வெள்ளை என்று எவரும் நமக்கு எழுதித் தரவில்லை, பார்த்துப் பழகினோம். பார்த்துப் பழகாத ஓரிடத்துக்குச் செல்ல நேரும்போதுதான் ஆடையாகிய பாதி, ஆளாகிய பாதியையும் விழுங்கப் பார்க்கின்றது.

சென்ற ஆண்டில் ஒரு மாலை, இளமையில் எனக்கு இலக்கணம் கற்பித்த ஆசிரியர் ஒருவர் வீடு தேடி வந்தார். எழுபது வயதைக் கடந்தவர். கனடாவில் வாழும் அவருடைய மகன் தாய் தந்தையரை அங்கு அழைத்து, ஏழு நாட் கப்பற் பிரயாணம் ஒன்றுக்கும் ஒழுங்கு செய்திருந்தான். மகிழ்ச்சியோடு சொல்ல வேண்டிய செய்தியை அவர் முகம் வாடச் சொன்னார்.

“தம்பி, கப்பலிலே இரண்டு இரவு ‘போர்மல்’ சாப்பாடாம். கோட்டும் கழுத்துப்பட்டியும் வேண்டுமாம். வேட்டி கொண்டு வரவேண்டாம், ஆக்கள் பார்ப்பினம் என்று மகன் சொல்லுகிறான். என்னுடைய கலியாணக் கோட்டு இப்போது எனக்கு அளவில்லை. அம்மாவோ, அந்த இரண்டு இரவும் அறைக்குள்ளே பிஸ்கற்றும் தேநீருமாக இருந்துவிடுவம் என்கிறா.”

பெற்ற பிள்ளை பணம் கட்டி அழைத்துச் செல்லும் விருந்திலே, பெற்றோர் உடைக்கு வெட்கி ஒளித்திருப்பதா? “ஐயா, கப்பற்காரர் எழுதியிருக்கும் விதியை முதலிற் படித்துப் பார்ப்போம். இரண்டு நாள் தாருங்கள்” என்றேன். அந்த இரண்டு நாளில் நான் அறிந்துகொண்டவற்றை, இத்தகைய பயணத்தை எதிர்நோக்கும் ஏனைய குடும்பங்களுக்கும் பயன்படும் என எண்ணி இங்கே எழுதுகின்றேன்.

வழக்கம் வந்த வழி

கப்பலிலே இராப்போசனத்துக்கு அலங்கரித்துச் செல்லும் வழக்கம் கடலைப்போலத் தொன்மையானதன்று. குனாட் நிறுவனத்தின் ‘பிரித்தானியா’ என்னும் நீராவிக் கப்பல் 1840ஆம் ஆண்டில் அத்திலாந்திக்கைக் கடக்கத் தொடங்கியபோது, பிரயாணிகளின் பாலுக்காக அதிற் பசுவொன்றும் ஏற்றிச் செல்லப்பட்டது. அலைக்கும் தலைச்சுற்றுக்கும் அஞ்சியிருந்தவர்களுக்கு அலங்காரத்தில் எங்கே மனம் செல்லும்?

பின்னர்க் கப்பல்கள் பெருத்தன. செல்வர்களைக் கவரப் போட்டியும் பெருத்தது. மிதக்கும் விடுதிகளாகவே அவை கட்டப்பட்டன. 1912ஆம் ஆண்டில் ‘ரைற்றானிக்’ புறப்பட்டபோது, உணவு வேளையை அறிவிக்க ஊதுகொம்பு ஒலித்தது. முதலாம் வகுப்பில் ஆடவர் கறுப்பு மாலையுடையிலும் மகளிர் நீண்ட பட்டாடையிலும் உணவருந்த வந்தனர். அதே கப்பலின் மூன்றாம் வகுப்பில், பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்ற ஏழைகள் தம்மிடம் இருந்ததை உடுத்துக்கொண்டு உண்டனர். ஆகவே இந்த உடைவிதி ஆரம்பத்தில் மேற்றளத்தையும் கீழ்த்தளத்தையும் பிரிக்கும் வேலியாகவும் நின்றது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

1935இல் வெள்ளோட்டம் கண்ட பிரெஞ்சுக் கப்பல் ‘நோர்மண்டி’யின் போசனசாலை ஏறக்குறைய 93 மீற்றர் நீளமுடையது, ஒரே வேளையில் 700 பேர் அமரக்கூடியது. அதற்குள் இறங்கிச் செல்லப் படிக்கட்டு அமைத்திருந்தார்கள். அகன்ற படிகளில் ஒருவர் இறங்கி வரும்போது எல்லாக் கண்களும் அவர்மீது விழும் அல்லவா? கட்டடமே உடையைக் கேட்டது எனலாம்.

ஆயினும் அந்நாளிலும் கடுமைக்கு ஓர் எல்லை இருந்தது. பயணத்தின் முதலிரவிலும் கடைசியிரவிலும் விருந்துடை அணிய வேண்டுவதில்லை. முதலிரவில் பெட்டி திறக்கப்பட்டிராது. கடைசியிரவில் அது கட்டப்பட்டிருக்கும். விதி செய்தவர்களும் பெட்டி சுமந்த மனிதர்களே!

தளர்வே விதியான கதை

இன்று விருந்துடையின் சிகரமாகக் கருதப்படும் ‘டின்னர் ஜாக்கெற்’ என்னும் கறுப்புக் கோட்டின் வரலாறு வேடிக்கையானது. 1865ஆம் ஆண்டில், பின்னாளில் ஏழாம் எட்வேட் மன்னரான வேல்ஸ் இளவரசருக்கு, இலண்டன் தையற்காரரான ஹென்றி பூல் நிறுவனத்தார் குட்டையான கோட்டொன்றைத் தைத்துக் கொடுத்தனர். வால் நீண்ட கோட்டை எந்நேரமும் அணிய விரும்பாத இளவரசர், தம் நாட்டுப்புற மாளிகையில் ஆறுதலாக இருந்து உண்பதற்கே அதனைச் செய்வித்தார். 1886ஆம் ஆண்டளவில் அது நியூயோர்க் அருகிலுள்ள ரக்சீடோ பார்க் என்னும் இடத்துக்குப் பரவி, அமெரிக்கர் நாவில் ‘ரக்சீடோ’ எனப் பெயர் பெற்றது. அன்று ஆறுதலுக்கு அணிந்தது இன்று ஆசாரமாகிவிட்டது!

அந்தக் கோட்டின் கீழ் இடையிற் கட்டும் அகன்ற பட்டியின் பெயரையும் கவனியுங்கள். ‘கமர்பண்ட்’ என ஆங்கிலேயர் வழங்கும் சொல், பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானி வழியாக அவர்களை அடைந்தது. கமர் என்றால் இடை. பந்த் என்றால் கட்டு. நம் மொழியிற் சொன்னால் இடைக்கச்சை. இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படை அதிகாரிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெயிலுக்கு இதமாக அதனை மேற்கொண்டனர். செங்கடலின் வெம்மையிலோ கோட்டையே களைந்துவிட்டு, வெண்சட்டையும் இக்கச்சையுமாக உணவருந்தும் வழக்கம் பிரித்தானியக் கடற்படை அதிகாரிகளிடையே உண்டாயிற்று. அதற்குச் ‘செங்கடல் உடை’ என்றே பெயர். வெப்பம் கேட்டபோது விதி வளைந்து கொடுத்தது.

காந்தியடிகளின் இரு பயணங்கள்

நம் ஆசிரியரின் மனைவியார் அறைக்குள் இருந்துவிடலாம் என்று சொன்னதைக் கேட்டபோது, எனக்குக் காந்தியடிகளின் நினைவு வந்தது. 1888ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், பத்தொன்பது வயது நிரம்பாத இளைஞராக அவர் பம்பாயிலிருந்து ‘கிளைட்’ என்னும் கப்பலில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். கத்தியும் முள்ளும் பிடிக்கத் தெரியாது. எந்தப் பண்டத்தில் இறைச்சியில்லை என்று பரிசாரகரைக் கேட்கக் கூச்சம். ஆகவே போசனசாலைக்குச் செல்லாமல், கொண்டுபோன இனிப்பையும் பழத்தையும் பெரும்பாலும் தம் அறையிலேயே உண்டார். கப்பலில் கறுப்பு உடை அணிந்தார். கரையிறங்கும்போது அணிவதற்கென வெள்ளைக் கம்பளி உடையொன்றைப் பத்திரப்படுத்தியிருந்தார். இறங்கிப் பார்த்தபோது, அந்த இலையுதிர் காலத்தில் வெள்ளையுடுத்து நின்றவர் அவர் ஒருவரே. பெட்டிகளோ முகவரிடம் போய்விட்டன. உடனே மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. அந்த வெட்கத்தைத் தமது ‘சத்திய சோதனை’யில் அவரே ஒளிவின்றி எழுதியிருக்கிறார்.

நாற்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து, 1931இல், வட்டமேசை மகாநாட்டுக்காக ‘இராஜபுத்தானா’ என்னும் கப்பலில் அதே நாட்டுக்கு மீண்டும் சென்றார். இம்முறை அரைத்துண்டும் சால்வையுமே அவர் உடை. அக்கோலத்துடனேயே பக்கிங்ஹாம் அரண்மனை வரவேற்புக்கும் சென்று மன்னரைச் சந்தித்தார். இங்கிலாந்தின் குளிர் மாறவில்லை. உடுத்தவரின் உள்ளமே மாறியிருந்தது. முதற் பயணத்தில் பிறர் கண்ணுக்காக உடுத்தார். இரண்டாம் பயணத்தில் தம் கொள்கைக்காக உடுத்தார். நாமெல்லாரும் காந்தியடிகள் அல்லர். எனினும் அறைக்குள் ஒளிப்பதற்கும் அரண்மனைக்குள் நிமிர்ந்து நடப்பதற்கும் இடையே சாதாரண மனிதருக்கும் ஒரு வழியுண்டு.

இன்றைய நடைமுறை

1958ஆம் ஆண்டில் ஜெற் விமானங்கள் அத்திலாந்திக்கைக் கடக்கத் தொடங்கின. அதன்பின் ஊர் போய்ச் சேருவதற்காகக் கப்பலேறுவோர் தொகை அருகியது. உல்லாசத்துக்காகக் கப்பலேறும் வழக்கம் வளர்ந்தது. உல்லாசம் தேடி வந்தவர்களிற் பலர் கழுத்துப்பட்டியை விரும்பவில்லை. நோர்வீஜியன் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் கட்டாய விருந்துடையையும் குறித்த மேசையையும் கைவிட்ட முறையொன்றைப் புகுத்தியது. குனாட் நிறுவனமோ பழைய மரபைப் பெருமளவு காத்து, ‘காலா’ இரவுகளை இன்றும் நடத்துகிறது.

அந்தக் குனாட் விதியிலேதான் நம்மவர் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கின்றது. விருந்திரவுகளில் ஆடவர்க்குக் கறுப்புக் கோட்டு அல்லது கடுநிற முழுவுடை, மகளிர்க்கு நீண்ட மாலையாடை என்று கூறும் அவ்விதி, முறையான தேசிய உடையையும் ஏற்கிறது. கறுப்புக் கோட்டுக்குச் சமமான இடம் நம் பட்டுச் சேலைக்கும் உண்டு, பட்டு வேட்டிக்கும் உண்டு. எல்லா நிறுவனங்களும் இவ்வாறு வெளிப்படையாக எழுதுவதில்லை. எழுதாதவிடத்து, புறப்படுமுன் கடிதமெழுதிக் கேட்டு, மறுமொழியைக் கையில் வைத்துக்கொள்வது நன்று.

நல்லூர் கற்பிக்கும் பாடம்

“பிறருடைய விதிக்கு நாம் ஏன் பணிய வேண்டும்?” என்று மாணவர் சிலர் கேட்கலாம். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை நினைத்துப் பாருங்கள். அங்கு ஆடவர் மேற்சட்டையைக் கழற்றிய பின்னரே உள்ளே செல்லலாம். வெளிநாட்டார் வந்தாலும் அவர்க்கும் அதுவே விதி. அவர்கள் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பணிவோடு நுழைவதைக் கண்டு நாம் மகிழ்கிறோம். அங்கே சட்டையைக் களைவது மரியாதை; கப்பலிலே கோட்டை அணிவது மரியாதை. செயல்கள் எதிரானவை, கருத்து ஒன்றே. “இவ்விடத்தையும் இங்கு கூடியிருப்போரையும் மதித்து ஆயத்தமாகி வந்திருக்கிறேன்” என்பதே இரண்டும் சொல்லும் செய்தி. கப்பல் மேசையில் முன்பின் அறியாதவர்கள் நம்மோடு ஒரே பந்தியில் இருப்பார்கள். கசங்கிய உடையோடு வருவது அவர்களைப் பொருட்படுத்தாமை. கடன்பட்டு வாங்கிய உடையில் மூச்சுத் திணறுவது நம்மைப் பொருட்படுத்தாமை. இரண்டும் வேண்டா.

எடுத்துச் செல்பவை

இனிப் பெட்டியைக் கட்டுவோம். விருந்திரவு எத்தனை என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். ஏழு நாட் பயணத்தில் இரண்டிருந்தால், பெண்களுக்கு நல்ல பட்டுச் சேலைகள் இரண்டு போதும். ஏனைய இரவுகளுக்குப் பாரமற்ற சேலைகளோ சல்வாரோ பொருந்தும். ஆண்கள் அவ்விரவுகளில் நீளக் காற்சட்டையும் கழுத்துப்பட்டை வைத்த சட்டையும் அணியலாம். கட்டைக் காற்சட்டை, கையில்லாப் பனியன், நீச்சலுடை ஆகியவற்றுடன் பிரதான போசனசாலைக்குச் செல்வதைப் பெரும்பாலான கப்பல்கள் விரும்புவதில்லை. அலங்காரமே வேண்டாம் என்பவர்க்கு, தாமே எடுத்துண்ணும் வேறு உணவுச்சாலை அநேகமாக இருக்கும். அங்கு செல்வது குற்றமன்று.

கப்பல் ஆடும் என்பதை மறவாதீர்கள். சேலைக் கொய்யகத்தை ஊசியாற் குத்தி, கரையைச் சற்று உயர்த்திக் கட்டினாற் படிக்கட்டிற் கால் தடுக்காது. குதியுயர்ந்த சப்பாத்தைத் தவிர்க்கவும். வேட்டியின்மேல் இடைவாரொன்று அணிந்தால் அச்சமின்றி நடக்கலாம். போசனசாலைகள் குளிரூட்டப்பட்டவையாதலின் சால்வை அவசியம். தீப்பிடிக்கும் அபாயம் கருதி அறைகளில் மின்னழுத்தி வைத்திருக்கக் கப்பல்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை. எனவே எளிதிற் கசங்காத துணியைத் தெரிவு செய்யுங்கள். பெட்டிகள் அறைக்கு வந்துசேரச் சில மணி நேரம் செல்லும். மருந்துகளையும் மாலைக்கு உடுக்க ஒரு மாற்றுடையையும் கைப்பையில் வைத்திருப்பவர்க்கு, இளமைக் காந்தியடிகளுக்கு நேர்ந்த இக்கட்டு நேராது.

விருந்து முடிந்த பின்

இவற்றையெல்லாம் ஆசிரியருக்குச் சொன்னேன். அவர் ஏறவிருந்த கப்பலின் விதியை இருவருமாகப் படித்தோம். தேசிய உடை தாராளமாக அணியலாம் என்று அதிலும் இருந்தது. அவர் அதனைப் படியெடுத்து மகனுக்கு அனுப்பினார். மகன் இரண்டு நாள் மறுமொழி கூறவில்லை. மூன்றாம் நாள், “அப்பா, நான் வாசிக்காமற் சொல்லிவிட்டேன்” என்று மட்டும் எழுதினானாம்.

பயணம் முடிந்து ஊர் திரும்பியதும் என்னிடம் வந்தார். முதல் விருந்திரவில் படிக்கட்டில் இறங்கும்போது நெஞ்சு படபடத்தது என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் அதே மேசையில், ஸ்கொத்லாந்துக்காரர் ஒருவர் தம் நாட்டுக் ‘கில்ற்’ உடுத்து வந்து அமர்ந்திருந்தார். காற்றடிக்கும் மேற்றளத்தில் வேட்டியோடு நடப்பது கடினமா, கில்ற்றோடு நடப்பது கடினமா என்று இருவரும் நெடுநேரம் ஆராய்ந்தார்களாம். அவருடைய மனைவியாரின் சேலைக் கரையை அடுத்திருந்த மாதர் தொட்டுப் பார்த்து, நெய்யும் விதத்தைக் கேட்டறிந்தனர். அன்றிரவு முழுவதும் கழுத்தைத் தளர்த்திக்கொண்டே இருந்தவன், இறுக்கமான கோட்டும் பட்டியும் அணிந்திருந்த மகன்தான்.

“அம்மா என்ன சொல்லுகிறா, ஐயா?” என்று கேட்டேன்.

ஆசிரியர் சிரித்துவிட்டு, கொண்டுவந்த பொதியை என் கையிலே தந்தார். அந்த இரண்டு இரவுகளுக்கென்று அம்மா வாங்கிப் பெட்டியில் வைத்த பிஸ்கற்றுப் பொதி அது. திறக்கப்படாமலே கடலைச் சுற்றிவிட்டு ஊர் வந்து சேர்ந்திருந்தது.