கனகாமரமா... கனகாம்பரமா? பட்டுச்சேலை கலர் பெயரில் பலரும் செய்யும் பிழை!

கல்யாணப் பட்டு எடுக்க காஞ்சிபுரம் போனால், அங்கே கலர் சொல்லும் விதமே தனி. மாம்பழக் கலர், மயில் கழுத்து, அரக்கு, கத்தரிப்பூ, கனகாம்பரம் எனப் பட்டியல் நீளும். இதில் பலரும் தப்பாக எழுதுவது கடைசிப் பெயரைத்தான். வாட்ஸ்அப்பில் வரும் சேலை போட்டோவுக்குக் கீழேயும், பூக்கடை சிலேட்டிலும் 'கனகாமரம்' என்றே எழுதியிருப்பதைப் பார்க்கலாம். எது சரி? 'ம்ப' போய் 'ம' வந்தால் என்ன ஆகிவிடும்?

எது சரியான சொல்?

'கனகாம்பரம்' என்பதே சரி. இது வடமொழியிலிருந்து வந்த கூட்டுச்சொல். கனகம் என்றால் பொன். அம்பரம் என்றால் ஆடை. வானம் என்ற பொருளும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் 'பொன்னாடை'. ஆண்டாளின் திருப்பாவையில் 17-வது பாசுரத்தின் முதல் சொல் அம்பரம்தான். அங்கேயும் ஆடை என்பதே பொருள்.

'கனகாமரம்' என்று எழுதினால் ஆடை காணாமல் போய், மரம் வந்து நிற்கும். ஆனால் கனகாம்பரம் மரமே கிடையாது. வீட்டுத் தொட்டியில் வளரும் சின்னச் செடி.

ஏன் இந்தத் தப்பு?

பேச்சுதான் காரணம். 'ம்' என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் 'ப' மென்மையாக ஒலிக்கும். வேகமாகப் பேசும்போது அதை முழுங்கிவிடுகிறோம். மிச்சம் இருப்பது 'மரம்' மாதிரியே காதில் விழும். நமக்குத் தெரிந்த சொல் என்பதால் கையும் அப்படியே எழுதிவிடுகிறது. பேசும்போது இது பிழையில்லை, வழக்கு. எழுதும்போதுதான் கவனம் வேணும்.

சேலை டூ பூ... பூ டூ சேலை!

இந்தப் பெயரின் பயணம்தான் சுவாரஸ்யம். பொன்னாடை என்ற பொருளுள்ள பெயர் ஒரு பூவுக்கு அமைந்தது. பிறகு அந்தப் பூவின் நிறத்தை வைத்து, அதே பெயர் சேலைக்குத் திரும்பி வந்துவிட்டது. கனகாம்பரம் இந்தியாவையும் இலங்கையையும் சொந்த மண்ணாகக் கொண்ட செடி. பூவுக்கு வாசனை இல்லை. ஆனால் சீக்கிரம் வாடாது என்பதால், மல்லிகையோடு சேர்த்துக் கட்டுவது வழக்கம். மலையாளம், தெலுங்கு, கன்னடத்திலும் கிட்டத்தட்ட இதே பெயர்தான். மராத்தியில் மட்டும் 'அபோலி'. அங்கேயும் அது சேலைக் கலரின் பெயர்!

அது சரியாக என்ன கலர்?

ஆரஞ்சு மாதிரி இருக்கும், ஆனால் முழு ஆரஞ்சு இல்லை. லேசாக பிங்க் கலந்து, கண்ணை உறுத்தாத நிறம். பூவிலேயே மஞ்சள், சிவப்பு ரகங்களும், 'டெல்லி கனகாம்பரம்' என்ற ரகமும் உண்டு. ஆனாலும் சேலைக் கலர் என்று சொல்லும்போது மனதில் வருவது அந்த ஆரஞ்சுச் சாயல்தான்.

பெயர் மாறினால் என்ன நஷ்டம்?

பழையசீவரம், வாலாஜாபாத் பக்கம் இருப்பவர்கள் பஸ் ஏறி காஞ்சிபுரம் போய், சேலையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து எடுத்துவிடலாம். சிங்கப்பூரிலிருந்து போனில் ஆர்டர் சொல்பவருக்குக் கலரின் பெயர்தான் ஆதாரம். போன் ஸ்கிரீனில் நிறம் ஒவ்வொரு மாதிரி தெரியும்.

காஞ்சிப் பட்டில் முதலில் நூலுக்குச் சாயம் ஏற்றி, அதன் பிறகே தறியில் ஏற்றுவார்கள். கோர்வைச் சேலையில் உடலும் பார்டரும் வேறு வேறு நிறம். இரண்டையும் தறியிலேயே கோர்த்து நெய்வார்கள். 'ஆரஞ்சு' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, நெய்த பிறகு 'நான் கேட்டது கனகாம்பரம்' என்றால் மாற்ற முடியாது. நெசவாளியின் பல நாள் உழைப்பும் அதில் இருக்கிறது. அதனால் பெயரைச் சரியாகச் சொல்வதோடு, சாயம் ஏற்றிய நூலையோ அதே கலர் சேலையையோ பகல் வெளிச்சத்தில் எடுத்த போட்டோவையும் கேட்டு வாங்குவது நல்லது.

ஆங்கிலத்திலும் இதே கதை!

நம்ம ஊர் கடைகளில் 'ராணி பிங்க்' என்று சொல்லும் நிறத்துக்கு நெருக்கமானது, ஆங்கிலத்தில் 'ஃப்யூஷா'. அதுவும் ஒரு பூவின் பெயரில் வந்த கலர்தான். 16-ம் நூற்றாண்டைச் சேர்ந்த ஜெர்மன் மருத்துவரும் தாவரவியலாளருமான லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் நினைவாக, பிரெஞ்சு தாவரவியலாளர் சார்லஸ் ப்ளூமியே அந்தப் பூவுக்குப் பெயர் வைத்தார். 1703-ல் அது அச்சில் வந்தது. 'சி, எச், எஸ்' என வர வேண்டிய இடத்தில், உச்சரிப்பை நம்பி 'எஸ், சி, எச்' என்று எழுதுவது உலகம் முழுக்க நடக்கும் பிழை. ஃபுக்ஸ் என்ற பெயரை நினைவில் வைத்தால் எழுத்து மாறாது.

மறக்காமல் இருக்க ஈஸி வழி

'பீதாம்பரம்' என்ற சொல் தெரியும்தானே? மஞ்சள் ஆடை என்று பொருள். அதை யாரும் 'பீதாமரம்' என்று எழுதுவதில்லை. பீதாம்பரம் மஞ்சள் ஆடை என்றால், கனகாம்பரம் பொன் ஆடை. இரண்டிலும் இருப்பது அதே அம்பரம். அடுத்த முறை சேலை ஆர்டர் டைப் பண்ணும்போது, அந்த 'ம்ப' இருக்கா என்று ஒரு தடவை பார்த்துக்கோங்க.