பதினாறு மதிப்புள்ள வோட்டு

2022-ஆம் வருஷம் ஜூலை 2-ந் தேதி, ராஷ்டிரபதி பதவிக்கு அபேட்சகராக நின்ற ஸ்ரீமதி திரௌபதி முர்மு புதுச்சேரிக்கு விஜயம் செய்தார். லாஸ்பேட்டை வாசிகள் தங்கள் பேட்டையில் ஒரு பிரசாரக் கூட்டத்தை எதிர்பார்த்திருந்தால் ஏமாந்தே போயிருப்பார்கள். அவர் ஆதரவு கோரியது முதலமைச்சர் ஸ்ரீ ரங்கசாமியையும் கூட்டணிச் சட்டசபை அங்கத்தினர்களையுமே.

அதே வருஷம் ஏப்ரலில் இவ்வூரில் நடந்ததோ வேறு. 1962-ல் உடன்படிக்கை அமலுக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட தமிழ்க் குடும்பத்தினர், பிரான்ஸ் தேசத்து ஜனாதிபதித் தேர்தலில் தங்கள் கையாலேயே வோட்டளித்தார்கள். பக்கத்து வீட்டு இந்தியப் பிரஜைக்குத் தம் ராஷ்டிரபதியை அவ்விதம் நேரில் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை!

"அப்படியானால் நம் வோட்டு எங்கே?" என்று கேட்கலாம். அது நாம் தேர்ந்தெடுத்த பார்லிமெண்டு அங்கத்தினரிடமும் சட்டசபை அங்கத்தினரிடமும் இருக்கிறது. புதுச்சேரிச் சட்டசபைக்கு இந்தப் பாத்தியதை 1992-ஆம் வருஷத்து அரசியல் சட்டத் திருத்தத்தினால்தான் கிட்டியது. 1971-ஆம் வருஷத்து ஜனத்தொகையைக் கொண்டு, அங்கத்தினர் ஒருவரின் வோட்டுக்கு 16 என மதிப்பிட்டிருந்தார்கள். முப்பது பேருக்குமாக 480. நியமன அங்கத்தினர்களுக்கோ இதில் வோட்டே கிடையாது; ஜனங்கள் தேர்ந்தெடுத்தவர்களுக்கே உண்டு.

ஆகையால், வாசகர்களே, சட்டசபைக்கு வோட்டுப் போடும்போது சாலையையும் குடிநீரையும் மட்டும் நினைத்தால் போதாது. ராஷ்டிரபதியைத் தேர்ந்தெடுக்கும் நம் குரலும் அந்த ஒரு வோட்டிலேதான் அடங்கியிருக்கிறது.