எத்தனை மூட்டை அரிசி போதும்?



2023 ஜூலை 20ஆம் தேதி, பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியை வெளிநாடுகளுக்கு அனுப்பக் கூடாது என்று இந்திய அரசு உத்தரவிட்டது. அடுத்த சில நாட்கள் அமெரிக்காவின் இந்தியக் கடைகளில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கடை திறக்கும் முன்பே வரிசை. ஒரே வண்டியில் எட்டு மூட்டை, பத்து மூட்டை. "குடும்பத்துக்கு ஒரு மூட்டை மட்டும்" என்று சில கடைகளில் காகிதம் ஒட்டினார்கள். விலை ஏறக்குறைய இரண்டு மடங்கான இடங்களும் உண்டு. நம் சபை வாட்ஸ்அப் குழுவில் அந்த வாரம் ஜெபக் குறிப்புகளைவிட, எந்தக் கடையில் இன்னும் அரிசி இருக்கிறது என்ற தகவல்தான் அதிகம் வந்தது.

பழைய கதையை இப்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்கலாம். 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது அதே மாதிரிச் செய்திகள் மறுபடி வந்தன. மழை பொய்த்தால் இனிமேலும் வரும். எங்காவது யுத்தம் என்றாலும் வரும். அம்மா அப்பா பதறும்போது செய்தியை முழுவதும் வாசித்து அவர்களுக்கு எடுத்துச் சொல்லக்கூடியவர்கள் வீட்டில் நீங்கள்தான்.

அன்றைய உத்தரவை முழுவதும் வாசித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். தடை வெள்ளைப் பச்சரிசிக்கு மட்டும். புழுங்கலரிசிக்கும் பாசுமதிக்கும் மாற்றம் எதுவும் இல்லை என்று அரசின் அறிக்கையிலேயே சொல்லியிருந்தார்கள். இந்தியா ஏற்றுமதி செய்யும் மொத்த அரிசியில் தடைக்குள் வந்தது சுமார் 25 சதவீதம். இப்போது நம் வீட்டுப் பானையைப் பாருங்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்துக் குடும்பங்களில் மதியச் சாப்பாட்டுக்குப் பொன்னிப் புழுங்கல். இட்லி அரிசியும் புழுங்கல்தான். நாகர்கோவில்காரர் வீட்டு மட்டை அரிசியும் புழுங்கல்தான். இவற்றில் ஒன்றும் ஜூலை 20 உத்தரவில் இல்லை. சோனா மசூரி பச்சரிசி சாப்பிடும் தெலுங்கு நண்பர்கள் கவலைப்பட்டதில் நியாயம் இருந்தது. நாம் வரிசையில் நின்றது பயத்தினால்.

"அடுத்த மாதமே புழுங்கலரிசிக்கும் வரி போட்டார்களே அக்கா?" என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டான். சரிதான். ஆகஸ்ட் 25ஆம் தேதி 20 சதவீத ஏற்றுமதி வரி வந்தது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டன் அரிசி அங்கே 500 டாலர் என்று வைத்தால் வரி 100 டாலர். ஒரு டன்னில் நம்முடைய 20 பவுண்டு மூட்டை, அதாவது 9 கிலோ மூட்டை, 110 வரும். ஆக, மூட்டைக்கு வரி ஒரு டாலர்கூட இல்லை. அரிசி உயர்ந்த ரகம், விலை இரண்டு மடங்கு என்றாலும் மூட்டைக்கு இரண்டு டாலருக்குள்தான். அந்த இரண்டு டாலரைத் தவிர்க்கப் பயந்து, மூட்டைக்குப் பதினைந்து டாலர் அதிகம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். கடைசியில் 2024 செப்டம்பர் 28ஆம் தேதி வெள்ளை அரிசித் தடையை நீக்கினார்கள். அக்டோபரில் புழுங்கலரிசி வரியும் போய்விட்டது.

இது முதல் முறையும் அல்ல. 2008இல் உங்களில் பலர் கைக்குழந்தைகள். அப்போதும் இந்தியா தடை போட்டது, வியட்நாமும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. ஜனவரியில் டன்னுக்கு 400 டாலருக்கும் குறைவாக இருந்த தாய்லாந்து அரிசி, சில மாதங்களில் 1000 டாலரைத் தாண்டியது. இங்கே சாம்ஸ் கிளப் கடைகளில் ஒருவருக்கு நான்கு மூட்டைக்கு மேல் கொடுக்கவில்லை. அந்த ஆண்டு உலகத்தில் நெல் விளைச்சல் குறையவே இல்லை என்பதுதான் வேடிக்கை. அரசுகள் பயந்து பூட்டின, வியாபாரிகள் பயந்து பதுக்கினார்கள், ஜனங்கள் பயந்து வாங்கினார்கள். ஜப்பான் தன் கிடங்கில் இருந்த அரிசியைப் பிலிப்பைன்ஸுக்குக் கொடுக்கத் தயார் என்ற செய்தி வெளிவந்ததும் விலை இறங்க ஆரம்பித்தது. அரிசி கப்பலில் ஏறுவதற்கு முன்பே!

அப்படியானால் வீட்டில் ஒன்றும் சேர்த்து வைக்கக் கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். நான் நர்ஸ். எங்கள் வார்டில் கையிருப்பு இல்லாமல் ஒரு ஷிஃப்ட் ஓடாது. ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அளவு குறித்திருப்போம். அதற்குக் கீழே போனால் நிரப்புவோம், அதற்கு மேல் அடுக்க மாட்டோம். முதலில் வந்ததை முதலில் எடுப்போம். 2024 செப்டம்பர் கடைசியில் ஹெலீன் புயலில், வட கரோலினாவில் உள்ள பாக்ஸ்டர் நிறுவனத்தின் தொழிற்சாலைக்குள் வெள்ளம் புகுந்தது. இந்த நாட்டில் நோயாளிகளுக்கு ஏற்றும் சலைன் போன்ற திரவங்களில் சுமார் 60 சதவீதம் அங்கேதான் தயாரானது. ஒவ்வொரு வார்டும் தனக்கென்று பத்துப் பெட்டியை ஒளித்து வைத்திருந்தால் அவசரச் சிகிச்சைப் பிரிவில் யாராவது செத்திருப்பார்கள். வாயால் குடிக்க முடிந்தவர்களுக்குக் குடிக்கக் கொடுத்தோம். நரம்பில் ஏற்றியே ஆக வேண்டியவர்களுக்கு மட்டும் பையைத் திறந்தோம். நாட்டில் பல மருத்துவமனைகள் அந்த வாரங்களை இப்படித்தான் கடந்தன.

வீட்டுக்கும் அதே கணக்குதான். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சமைக்காத அரிசி 150 கிராம் என்று வையுங்கள். நான்கு பேருக்கு 600 கிராம். 20 பவுண்டு மூட்டை பதினைந்து நாள் வரும். மாதத்துக்கு இரண்டு மூட்டை. ஒரு மாதத்துக்கு உரியது எப்போதும் கையில் இருந்தால் போதும். ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்திருந்தால் இன்னும் ஒன்று. எட்டு மூட்டை என்பது நான்கு மாதம். தாத்தாவுக்குச் சர்க்கரை என்றால், எட்டு மூட்டை அரிசியைத் தீர்க்க வேண்டுமே என்பதற்காக மூன்று வேளையும் சோறு பொங்கும் வீட்டில் அவர் பாடு என்ன? அரிசியை எண்ணுகிற அதே கையால் அவருடைய இன்சுலின் எத்தனை நாளைக்கு இருக்கிறது என்றும் எண்ணிவிடுங்கள்.

சேர்த்து வைப்பதில் இன்னொரு சங்கடம் உண்டு. அரிசி வண்டு, அரிசியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டுத் துளையை மூடிவிடும். வாங்கும்போது ஒன்றும் தெரியாது. டாலஸ் வெயிலில் கராஜில் கிடக்கும் மூட்டையில் ஒரு மாதத்தில் ஊர ஆரம்பிக்கும். மன்னாவை மிச்சம் வைத்தவர்களுக்கு நேர்ந்ததை யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில் வாசித்திருக்கிறோம். நம் கராஜிலும் காணலாம். வாங்கியவுடன் சிறு பைகளாகப் பிரித்து நான்கு நாள் ஃபிரீசரில் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். பிறகு காற்றுப் புகாத டப்பாவில், வீட்டுக்குள் வையுங்கள். தவிடு நீக்காத அரிசியும் கோதுமை மாவும் சில மாதங்களில் காறல் வாடை அடிக்கும். துவரம்பருப்பு கெட்டுப்போகாது, ஆனால் பழசானால் எத்தனை விசில் விட்டாலும் வேகாது.

வண்டுக்குப் பயந்து சிலர் செய்வதைப் பற்றி நர்ஸாக ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வேப்பிலையோ காய்ந்த மிளகாயோ போட்டால் யாருக்கும் கேடில்லை. போரிக் பவுடர் கலக்காதீர்கள். அது விஷம், சிறு பிள்ளைகளுக்கு இன்னும் ஆபத்து. அதைவிடப் பயங்கரமானது, ஊரில் நெல் மூட்டைக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. பெட்டியில் போட்டு அதை இங்கே கொண்டு வராதீர்கள். காற்றில் உள்ள ஈரம் பட்டாலே அதிலிருந்து பாஸ்பீன் வாயு வரும். பூட்டிய வீட்டில், பிள்ளைகள் தூங்கும் அறைக்குப் பக்கத்தில், ஒரு இரவே போதும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் கையால் தொடாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். 1-800-222-1222 என்ற விஷ உதவி எண்ணை அழைத்துக் கேளுங்கள். யாருக்காவது வாந்தி, மூச்சுத் திணறல் என்றால் எல்லோரும் வெளியே வந்து 911ஐ அழையுங்கள்.

நான்கு மாத அரிசியை ஒரே நாளில் வாங்கக் கையில் பணம் வேண்டும், கார் வேண்டும், இடம் வேண்டும். நம் சபைக்கு வரும் மாணவர்கள் மூன்று பேர் ஒரு அறையில் இருக்கிறார்கள். சம்பளம் வரும் வெள்ளிக்கிழமைதான் கடைக்குப் போவார்கள். அந்த வெள்ளிக்கிழமை தட்டு காலி. இரண்டு வாரம் ரொட்டியும் நூடுல்ஸும்தான் சாப்பிட்டோம் என்று அவர்களில் ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என்னோடு இரவு ஷிஃப்டில் வேலை செய்யும் சகோதரி ஒருவர் செனகல் நாட்டுக்காரர். அவர்கள் ஊரின் பெரிய சாப்பாடு செபுஜென். மீனும் நொய்யரிசியும் சேர்த்துச் சமைப்பது. நாம் காய்ச்சலுக்குக் கஞ்சி வைக்கும் அதே நொய்தான். அதில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து போனது. 2022 செப்டம்பரிலேயே இந்தியா நொய்யரிசி ஏற்றுமதியைத் தடை செய்துவிட்டது. அந்தத் தடை 2025 மார்ச் வரை நீடித்தது. டாக்காரில் இருக்கும் அவருடைய அம்மாவுக்கு அரிசி வாங்க மாதாமாதம் கூடுதலாகப் பணம் அனுப்பினார். நமக்கு அது ஒரு வார்த்தைகூடத் தெரியாது. உலகச் சந்தையில் விற்கப்படும் அரிசியில் சுமார் 40 சதவீதம் இந்தியாவுடையது. அந்தக் கதவு சாத்தப்பட்டபோது உண்மையில் அடிபட்டவர்கள் அவர்களைப் போன்றவர்கள்.

யோசேப்பு சேர்த்து வைக்கவில்லையா என்று வேதபாட வகுப்பில் கேள்வி வரும், எனக்குத் தெரியும். வந்தால் நல்லது, கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். ஆதியாகமம் 41இல் அவர் சேர்த்தது விளைச்சல் மிகுந்த ஏழு வருஷங்களில். பஞ்சம் தொடங்கிய பிறகு கடைக்கு ஓடவில்லை. தன் வீட்டில் வைக்கவில்லை, பட்டணங்களில் களஞ்சியம் வைத்தார். ஐந்தில் ஒரு பங்கு என்று அளவும் இருந்தது. சிங்கப்பூர் இன்றைக்கும் ஏறத்தாழ இப்படிச் செய்கிறது: அரிசி இறக்குமதி செய்பவர்கள் தங்கள் மாத இறக்குமதியைப்போல இரண்டு மடங்கைக் கையிருப்பில் வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆனால் 47ஆம் அதிகாரத்தையும் விட்டுவிடாதீர்கள். களஞ்சியத்துத் தானியத்துக்காக எகிப்தியர் மிருகஜீவன்களைக் கொடுத்தார்கள், நிலத்தைக் கொடுத்தார்கள், கடைசியில் தங்களையே கொடுத்தார்கள். சேர்த்தது சரி, கொடுத்த விதம் சரியா? எனக்கும் இதில் கேள்வி உண்டு. நீதிமொழிகள் 11:26ஐயும் பக்கத்தில் வைத்து வகுப்பில் பேசுங்கள்.

நம் வாலிபர் ஐக்கியத்தில் ஒரு சின்ன ஏற்பாடு செய்திருக்கிறோம். மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு சபைச் சமையலறையில் இரண்டு மூட்டை பொன்னியும் ஒரு மூட்டை இட்லி அரிசியும் இருக்கும். முழு மூட்டை வாங்க முடியாத மாணவர்களும், புதிதாக வந்த குடும்பங்களும் 5 பவுண்டு, 10 பவுண்டு என்று வாங்கிய விலைக்கே பிரித்து எடுத்துக்கொள்ளலாம். கையில் காசு இல்லாத மாதம் பெயர் எழுத வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள். வீட்டில் ஐந்தாறு மூட்டை தேங்கிக் கிடப்பவர்கள் வண்டு விழும் முன் கொண்டு வரலாம். தராசு அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. டப்பா மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள்.