செஸ்: கம்ப்யூட்டரிடம் தோற்றால் என்ன?

கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை போயிருந்தேன். அக்கா வீட்டில் புதுக் கம்ப்யூட்டர். ஆனால் அக்கா மகன் அதில் செஸ் விளையாடுவதையே விட்டுவிட்டான். "அதுவே எப்பவும் ஜெயிக்குது மாமா. நம்மைவிடப் பெரிய ஆளோட எதுக்கு விளையாடணும்?" என்றான். அவனுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

2022 பிப்ரவரியில் 'ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ்' என்ற ரேபிட் செஸ் போட்டி இன்டர்நெட் வழியாக நடந்தது. வீரர்கள் அவரவர் இடத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தபடியே ஆடினார்கள். ஒரு பக்கம் அப்போதைய உலக சாம்பியன், நார்வேயின் மேக்னஸ் கார்ல்சன். ரேட்டிங் 2865. எதிரே கறுப்புக் காய்களுடன் சென்னையின் 16 வயது பிரக்ஞானந்தா. ரேட்டிங் 2612.

ரேட்டிங் என்பது, இதுவரை ஆடிய ஆட்டங்களை வைத்து ஒருவரின் பலத்தைக் காட்டும் எண். வித்தியாசம் 250 என்றால், 100 ஆட்டங்களில் பலசாலி சுமார் 81 புள்ளிகளும் மற்றவர் 19 புள்ளிகளும் எடுப்பார்கள் என்பது கணக்கு. வெற்றிக்கு 1, டிராவுக்கு அரைப் புள்ளி. 19 என்பது பூஜ்யம் அல்ல, கவனியுங்கள்!

ஆளுக்கு 15 நிமிடம். ஒவ்வொரு முறை காய் நகர்த்தும்போதும் 10 விநாடி கூடும். இவ்வளவு குறைந்த நேரத்தில் சாம்பியனும் தவறு செய்யலாம். 39 நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. ஜெயித்தவர் பிரக்ஞானந்தா! ஆனால் அந்தப் போட்டியில் அவர் காலிறுதிக்குப் போகவில்லை. 2023 உலகக் கோப்பை இறுதியில் அதே கார்ல்சனிடம் தோற்றார். பெரிய ஆளோடு விளையாடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

சரி, மருமகனின் கம்ப்யூட்டரில் என்ன கோளாறு? 'லிச்செஸ்' என்ற இலவச இணையதளத்தில் கம்ப்யூட்டரோடு ஆட 8 நிலைகள் உண்டு. அவன் எடுத்த எடுப்பிலேயே 8-ஐ கிளிக் செய்திருந்தான்! நீங்கள் 1-இல் தொடங்குங்கள். அடிக்கடி ஜெயித்தால் அடுத்த நிலைக்குப் போங்கள். தோற்ற ஆட்டத்தை அப்படியே மூடிவிடாதீர்கள். உங்கள் பெயரில் கணக்கு தொடங்கி, 'கம்ப்யூட்டர் அனாலிசிஸ்' கேளுங்கள். எந்த நகர்த்தலில் தவறினீர்கள் என்று காட்டிவிடும். ஆனால் இன்னொருவரோடு ஆடும்போது நடுவில் கம்ப்யூட்டரிடம் யோசனை கேட்கக் கூடாது. அது ஏமாற்று வேலை.

நிலையை 1-க்கு மாற்றிக் கொடுத்தேன். மாலையில் தீபம் பார்க்க மொட்டை மாடிக்குக் கூப்பிட்டபோது, "இந்த ஒரு ஆட்டம் மட்டும் மாமா!" என்றான்.