வீம்புக்குக் கட்டின ஊர்!

பக்கத்து வீட்டுக்காரன் ஒரு மாடி எடுத்தா, நாம ரெண்டு எடுக்கணும்! இந்த வீம்பு ஒரு ஊரையே கட்டியிருக்குன்னா நம்புவீங்களா? இத்தாலியின் டஸ்கனியில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே குன்றின் மேல் நிற்கும் சான் ஜிமினியானோதான் அது. வியாபாரத்திலும் குங்குமப்பூவிலும் காசு பார்த்த குடும்பங்கள் போட்டி போட்டு எழுப்பிய கோபுரங்கள் எழுபதுக்கும் மேல். இப்போ மிச்சம் 14.

1348-ல் வந்த பிளேக் ஊரைப் புரட்டிப் போட்டது. 1353-ல் ஃப்ளோரன்ஸிடம் சரண். அப்புறம் இடிச்சுக் கட்டக் காசு ஏது? அதனாலதான் பழசு தப்பிச்சுது! 1990-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்.

ஃப்ளோரன்ஸிலிருந்து பஸ்ஸில் போறவங்க பொஜ்ஜிபோன்ஸியில் மாறணும். 54 மீட்டர் உயர டோரே கிரோஸாவில் மூச்சு வாங்கினாலும் ஏறிடுங்க. கீழே தோட்டங்களில் விளையுறது வெர்னாச்சியா, வெள்ளை ஒயினுக்கான திராட்சை. இந்தப் பெயர் தாந்தே காவியத்திலேயே வருது. ஒயினில் ஊறின விலாங்கு மீனுக்கு அடிமையான ஒரு போப்பாண்டவரைக் கிண்டலடிக்க!

ஒண்ணு மட்டும் கேளுங்க. ரெண்டு மணி நேர டூர்ல போய்த் திரும்பாதீங்க. பகல் முழுக்கக் கூட்டம், கடை, கேமராதான். மதிலுக்குள்ளே நிஜமா குடியிருக்கறவங்க ரொம்பக் கொஞ்சம். ஒரு ராத்திரி தங்குங்க. டூரிஸ்ட் பஸ்ஸெல்லாம் கிளம்பின பிறகு சதுக்கத்துக் கிணற்றுப் படியில் உட்காருங்க. அப்போதான் யார் வீட்டு ஜன்னலில் விளக்கு எரியுதுன்னு தெரியும்.