கோயில் வாசலும் ரம்புத்தான் வாசலும்

குனோங் ராபாட்டின் சுண்ணாம்புக் குன்றுக்குள் கெக் லோக் தோங் குகைக் கோயில் இருக்கிறது. மலேசியாவின் ஈப்போ நகரின் மறுபக்கம், குனோங் சீரோ குன்றடியில் சுப்பிரமணியர் ஆலயம். தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து புறப்படும் காவடிகள் அங்கேதான் போய்ச் சேரும். இதே கிந்தா மாவட்டத்தில், தஞ்சோங் ரம்புத்தானில், 1911-இல் ஆங்கிலேயர் தொடங்கிய மனநல மருத்துவமனை இருக்கிறது. 1971-இல் அதற்கு ‘பஹாகியா’ என்று பெயர் சூட்டினார்கள். மலாயில் மகிழ்ச்சி என்று பொருள். பெயர் மாறியதே தவிர, ஊர்ப் பேச்சு மாறவில்லை. “இவனை ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்” என்ற கேலி இன்னும் நாடு முழுவதும் செல்லுபடியாகிறது. கோயிலுக்குப் போகிறவர் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகிறார். ரம்புத்தானுக்குப் போகிறவர் சொந்தக்காரருக்கும் தெரியாமல் போகிறார். பக்தி மனநோய்க்கு உதவுமா என்ற கேள்வியை இந்த இடத்திலிருந்து தொடங்குவதே சரி. கோயில் நோயாளிக்குக் கொடுப்பவற்றில் மிகப் பெரியது, தலை குனியாமல் உதவி கேட்கும் உரிமை.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் மனநல மருத்துவர் ரகுராமும் உடன் பணியாற்றியவர்களும் 2000-ஆம் ஆண்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை ஆராய்ந்தார்கள். பெரும்பாலோருக்கு மனச்சிதைவு நோய். அங்கே மாத்திரை கிடையாது. பேயோட்டும் சடங்கும் கிடையாது. வீட்டார் ஒருவர் துணைக்கு இருப்பார். காலையில் பூசை, பிறகு கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சின்னச் சின்ன வேலைகள். சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களிடம் நோய்க்குறிகளின் அளவு கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. மருந்துகள் பல தரும் பலனோடு ஒப்பிடத்தக்க முன்னேற்றம் இது என்று 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். சிறிய ஆய்வுதான்; ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை. ஆனால் அந்த மனிதர்களுக்கு அங்கே கிடைத்ததைக் கவனியுங்கள்: ஒழுங்கான நாள், கைக்கு வேலை, பக்கத்தில் ஒரு சொந்தம், ‘பைத்தியம்’ என்று யாரும் சொல்லாத ஓர் இடம்.

நல்ல மனநிலையில் இருப்பவர்தானே எழுந்து கோயிலுக்குப் போக முடியும், பலனைக் காரணமாகக் காட்டலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்கத் தாதியர் ஏறத்தாழ 90,000 பேரை 1996 முதல் 2010 வரை பின்தொடர்ந்த ஆய்வு, அவர்களுக்கு முன்பே இருந்த மனச்சோர்வையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. அப்படியும், வாரம் ஒருமுறையாவது வழிபாட்டுக்குப் போன பெண்களிடையே தற்கொலை விகிதம், போகாதவர்களைவிட ஐந்து மடங்கு குறைவாக இருந்தது. நமக்கு இன்னும் நெருக்கமான சான்று மொரீஷியஸ் தமிழரிடமிருந்து வருகிறது. அங்கே தைப்பூசக் காவடி எடுத்தவர்களை ஆராய்ந்து 2019-இல் வெளியான கட்டுரை, அலகு குத்திக்கொண்டதால் உடல்நலம் கெடவில்லை என்றும், அதிகம் குத்திக்கொண்டவர்களே தங்கள் வாழ்வு மேம்பட்டதாக உணர்ந்தார்கள் என்றும் சொல்கிறது. கடுமையான காவடியை நாடியவர்களில் வறியவரும் நாள்பட்ட நோயாளிகளும் அதிகம்.

கூடிப் பழகுவதுதான் காரணமென்றால் கால்பந்துக் குழு போதாதா என்பது அடுத்த கேள்வி. பாதிக்குப் போதும். ஆனால் ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்தின் ரப்பர் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். லயத்து வீடுகளுக்கு நடுவே ஒரு மாரியம்மன் கோயில். பால்குடத்துக்கு யார் வரவில்லை என்று ஊருக்கே தெரியும். வராதவரின் வீட்டுக்கு ஆள் போகும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாகி, குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்குப் போனபோது, கோயிலோடு அந்த விசாரிப்பும் போயிற்று. அதுபோக, கால்பந்துக் குழுவில் நேர்த்திக்கடன் இல்லை. ‘அடுத்த வருசம் காவடி எடுக்கிறேன்’ என்று வேண்டிக்கொள்பவர், அடுத்த வருசம் வரை உயிரோடிருப்பதாகவும் சேர்த்தே வாக்குக் கொடுக்கிறார்.

இதே பக்தி கெடுதலும் செய்யும். மருத்துவமனையில் இருந்த முதிய நோயாளிகளை இரண்டு ஆண்டு கவனித்த உளவியலாளர் கென்னத் பார்கமென்ட், கடவுள் தங்களைக் கைவிட்டார் என்றோ, சாத்தான்தான் நோயைக் கொடுத்தான் என்றோ நினைத்தவர்கள் கூடுதலாக இறந்ததை 2001-இல் காட்டினார். நம் ஊரில் இதற்குப் பெயர் செய்வினை, காத்துகருப்பு, குலதெய்வக் குற்றம். குறி கேட்டு, பரிகாரம் செய்து மாதங்கள் ஓடும். மனச்சிதைவில் சிகிச்சை தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் மீள்வதைக் கடினமாக்கும். அதே 2001-இல், ஆகஸ்டு 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை அண்டி நடந்த தனியார் விடுதியொன்று தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். வழிபாட்டுத் தலங்களைப் புகழ்ந்தால் இப்படிப்பட்ட விடுதி நடத்துபவர்களுக்கு வழிவிட்டதாகாதா? ஆகாது. முத்துசாமி கோயிலில் நோயாளி ஊரோடு இருந்தார்; ஏர்வாடி விடுதியில் ஊரின் கண்ணுக்கு மறைக்கப்பட்டார். ஒரு தலத்தை எடைபோட இந்த ஒரு கேள்வி போதும்: இங்கே வந்தவர் மனிதர்களை நெருங்குகிறாரா, விலகுகிறாரா?

மருந்தையும் பக்தியையும் எதிரெதிரே நிறுத்தவும் தேவையில்லை. கிளந்தானில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக மருத்துவர்கள், பதற்ற நோய் கண்ட 62 முஸ்லிம்களில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு சமயம் சார்ந்த உளஆலோசனையும் கொடுத்து, 1994-இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தப் பகுதியினர் சீக்கிரம் தேறினார்கள். ஆறாவது மாதத்தில் இரு தரப்பும் சமம். சிகிச்சையின் தொடக்கத்தில்தான் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்பதால், அந்தச் சீக்கிரத்துக்கு மதிப்பு அதிகம். குஜராத்தின் உனாவா தர்காவில் தொடங்கி, பின்பு ஏர்வாடியிலும் தமிழக அரசு நடத்திய ‘தவா, துவா’ திட்டம், அதாவது மருந்தும் பிரார்த்தனையும், இதே வழியில் போனது. தொழுகைக்கு வந்தவர் அங்கேயே மனநல மருத்துவரையும் பார்த்துவிட்டுப் போனார்.

மலேசியாவில் வயது வந்தோரில் மனச்சோர்வுள்ளோர் 2019-இல் 2.3 விழுக்காடு, 2023-இல் 4.6 விழுக்காடு என்கிறது தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பு; ஏறக்குறைய பத்து லட்சம் பேர். அவர்களில் நம்மவர் பலர் முதலில் போய் நிற்பது பூசாரியின் முன்னால்தான். மாத்திரை சாப்பிட்டால் சாமிமேல் நம்பிக்கை குறைந்துவிட்டதாகாதா என்று அவர்கள் தயங்கலாம். சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொண்டே விரதம் இருக்கும் சமூகத்துக்கு இந்தத் தயக்கம் பொருந்தாது. அதைப் பூசாரி சொன்னால் எடுபடும். விபூதி பூசிவிட்டு, “நாளைக்குக் கிளினிக்குக்குப் போய்ட்டு வந்து என்கிட்ட சொல்லுப்பா” என்று அவர் சொல்லட்டும். சாமி உத்தரவோடு போகிறவர் யாருக்கும் ஒளிந்து போக வேண்டியதில்லை. பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டே ரம்புத்தானுக்கும் போகலாம்.